பொருள் தெரிந்தவர்

அந்தக் கீபோர்டைத் தொடவே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முன்பு அந்த நாற்காலியில் இருந்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் தின்ற பிஸ்கட் மட்டும் எழுத்துகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. கவிழ்த்துப் பிடித்துத் தட்டினாள். தூள் கொட்டியது, பிறகு ஒரு நகத்துண்டு, பிறகு ஒரு சுருட்டை முடி. கருமம். இவனையெல்லாம் வீட்டில் வைத்து வளர்த்தார்களா, கொட்டகையில் கட்டி வளர்த்தார்களா? ஈரத்துணியால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். துணிக்கு எட்டாத அழுக்கு கணினிக்குள் இருந்தது. அதை அள்ளுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்த அலுவலகத்தின் பிழைப்பே கெட்ட வார்த்தைதான். டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு நீள அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் கழுவாத டிபன் பாக்ஸ் நாற்றம். பள்ளிப் பிள்ளைகள் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கென்று ஒரு செயலி உண்டு. பிள்ளைகள் பாடத்தைப் பற்றி மட்டும் பேசினால் இந்த அறைக்கு வாடகை யார் கொடுப்பது? அதில் எழுதப்படுகிற அசிங்கத்தைத் தடுப்பதுதான் இங்கே வியாபாரம். தடுக்க வேண்டிய சொற்களைப் பல வருடமாகச் சேர்த்துச் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். தடைப்பட்டியல் என்று பெயர். அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. படிக்கிறவருக்கு ஆசை இருந்தால் ஏதாவது பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அவளுக்கு அங்கே கோடிங் அக்கா என்று பெயர். வந்து சேர்ந்ததிலிருந்து அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள்: பட்டியலைத் திறந்து பார்க்கவே மாட்டாள். நிரல் எழுதுவாள், ஓட்டுவாள், எத்தனை சொல் வந்தது என்று எண்ணிக்கையை மட்டும் பார்ப்பாள், அடுத்தவர் கையில் தள்ளிவிடுவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது என்றால் அதுதான். அன்றைக்கு மட்டும் தானாகவே கேட்டு இந்த வேலையை வாங்கியிருந்தாள். காரணம் அவளுடைய அண்ணன் மகள்.

அந்தப் பெண் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். செயலியில் யாரோ புனைபெயரில் அவளுக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். ஃபோனை யாரிடமும் காட்ட மறுக்கிறாள், என்ன எழுதினான் என்று கேட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அண்ணன் பள்ளியில் போய் நின்று சத்தம் போட்டார். பள்ளிக்கூடத்தார், எந்தப் பிள்ளை என்று செயலிக்காரர்கள் கண்டுபிடித்துக் கொடுக்கட்டும், அன்றைக்கே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அதே பள்ளியில்தான் அவளுடைய மகனும் படித்தான், பெரிய பரீட்சை எழுதப்போகிற வகுப்பில். "கொஞ்சம் பாத்துக்கடா அவளை, உன் மாமன் பொண்ணுதானே" என்று மகனிடம் சொல்லியிருந்தாள். அவனும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிம்மா" என்றான். அண்ணனிடம் அவள் கொடுத்த வாக்கு இன்னும் பெரியது. "எவனா இருந்தாலும் சரி, விடமாட்டேன். நம்ம ஆபீஸ் கைலதான் இருக்கு."

இப்போது அது அவள் கைக்கே வந்திருந்தது. ஒரு பக்கம் பழைய தடைப்பட்டியல். இன்னொரு பக்கம், அந்தப் பள்ளியின் பிள்ளைகள் புகார் பொத்தானை அழுத்திய செய்திகளிலிருந்து பிரித்தெடுத்த சொற்கள். சாதாரணச் சொற்களைக் கழித்துவிட்டு, அகராதியில் இல்லாதவை மட்டும். செய்தியை முழுதாகப் படிக்க யாருக்கும் அனுமதி கிடையாது. சொற்கள் மட்டும், கலைத்துப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டாவதில் இருக்கிற, முதலாவதில் இல்லாத சொற்களைப் பிடிக்க வேண்டும். அவைதான் தடுப்பைத் தாண்டி உள்ளே நுழைந்தவை.

பிஸ்கட்காரன் விட்டுப்போன நிரலைத் திறந்து பார்த்தாள். அடப்பாவி. புதுப் பட்டியலில் ஒரு சொல்லை எடுக்கிறான். பழைய பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறான். அடுத்த சொல்லை எடுக்கிறான். மறுபடி முதல் வரியிலிருந்து. சுற்றுக்குள் சுற்று. காலையில் ஓட்டிவிட்டால் சாயங்காலம்வரை மின்விசிறி கதற ஓடும், அதுவரை அவன் பிஸ்கட் தின்னலாம். தெருவில் ஓர் ஆளைத் தேடுகிறவன் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டு போகிற வேலை இது. வீட்டு எண் கையில் இருந்தால் நேரே போய் நிற்க வேண்டியதுதானே?

பைத்தானில் அதற்கென்றே செட் என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய பட்டியலை அதற்குள் கொட்டிவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதவு எண் கிடைத்துவிடும். புதுச் சொல்லைக் கொடுத்தால் உண்டா இல்லையா என்று ஒரே எட்டில் சொல்லிவிடும். அவனுடைய அரைப் பக்கத்தை அழித்துவிட்டு நான்கு வரி எழுதினாள். ஓட்டினாள். கண் சிமிட்டுவதற்குள் விடை வந்தது. வந்ததுதான், ஆனால் உளறல். புதுப் பட்டியலில் இருந்த அத்தனை சொல்லும் புதிது என்றது. ஒன்றுகூடப் பழையதில் இல்லையாம். இந்த வயதுப் பிள்ளைகள் பழைய அசிங்கத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்றால் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும்.

என்ன கோளாறு என்று தெரிய வேண்டுமானால் பட்டியலைத் திறந்து கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள். பழைய பட்டியல் வேறொரு வகைக் கணினியில் தட்டியது போலிருக்கிறது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுடிவுக் குறி ஒட்டிக்கொண்டிருந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. வரி நுனிகளைச் செதுக்கிவிட்டுச் செட்டில் போடும்படி மாற்றினாள். இந்தத் தடவை ஒழுங்காக வந்தது. வழக்கமான அழுக்கெல்லாம் உதிர்ந்துபோய், மீதி ஒரு திரைக்குள் அடங்குகிற அளவுதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேலிருந்து கண்ணை ஓட்டினாள். எழுத்துப்பிழை, எழுத்துப்பிழை, ஏதோ விளையாட்டுக்காரன் பெயர், ஒரு புது அசிங்கம், எழுத்துப்பிழை.

அப்புறம் அந்தச் சொல்.

கை தானாகவே திரையை அணைத்தது. பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர்களுக்கு அது எந்த ஊர்ச் சொல் என்று தெரியப்போவதில்லை, ஏனென்றால் அது எந்த ஊரிலும் இல்லாத சொல். அது அவளுடைய படுக்கையறையில் செய்தது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவளுடைய புருஷன் அதைச் செய்தான். அவளுடைய வியர்வையில் பாதி, சாக்கடையில் புரள்கிற ஒரு பிராணியில் பாதி, இரண்டையும் நறுக்கி ஒட்டி, கேட்பதற்குக் குழந்தைப் பெயர் மாதிரி ஒன்றை உண்டாக்கினான். கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை அவன். சிரித்துக்கொண்டே, மெதுவாக, காதோரம் சொல்வான். விருந்தாளிகள் எதிரிலேயே சொல்வான். "பாரு, மாப்பிள்ளை தங்கச்சியைச் செல்லப்பேர் வெச்சுக் கூப்பிடறாரு" என்று அவளுடைய அண்ணனே ஒருமுறை பூரித்துப் போனார். அவளும் வாயை இழுத்துச் சிரித்து வைத்தாள். அந்த வருடமெல்லாம் அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளித்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. வாசனைச் சோப்பு, வாசனைப் பவுடர், தோல் உரிய உரியத் தேய்த்தாள். என்ன தேய்த்து என்ன? சொல் தோலில் இருந்தால் அல்லவா போகும்?

அந்தச் சொல்லின் பொருள் மூன்று பேருக்குத்தான் தெரிய முடியும். அவளுக்கு, அவனுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவனுக்கு. புருஷன் இன்றைக்கும் ராத்திரியில் அதன் பொருளை விளக்கிச் சொல்லிச் சிரிக்கிறபோது, மகன் தூங்கிவிட்டான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சீ. அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை. காய்ச்சலில் கிடந்தபோது மடியில் போட்டு வாந்தியைக் கையில் ஏந்திய பிள்ளை. அம்மாவைச் சொன்ன சொல்லை வாயில் அதக்கிக்கொண்டு போய், மாமன் மகள் மேல் துப்பியிருக்கிறான். காலையில் "அம்மா, இன்னொரு தோசை" மாதிரி எதையோ கேட்டுத் தட்டை நீட்டிய கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையால்தானே தட்டியிருப்பான்? அவனை நினைத்தால் ஆத்திரம் வரவில்லை, அருவருப்பு வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு வரக் கூடாத உணர்ச்சி அது, வந்துவிட்டது, என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஃபோன் செய்தார்.

"என்னம்மா, இன்னைக்குத் தெரிஞ்சிடும்ல?"

"பாத்துட்டு இருக்கேண்ணே."

"பாப்பா காலைல இருந்து நாலாவது தடவை குளிக்கப் போயிருக்கா. ஏண்டி, தண்ணியிலயே கெடந்தா சளி பிடிக்காதான்னு உங்க அண்ணி கத்தறா. வாயே தொறக்க மாட்டேங்கறா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு. நீ அங்க இருக்கறதாலதான் நான் தைரியமா இருக்கேன்."

"வெச்சிடறேன்ண்ணே. மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாள். குளிக்கிறாள் என்று இதற்கு முன்பும் அண்ணன் சொல்லியிருந்தார். வயசுப் பெண், அழுதுகொண்டிருப்பாள் என்று அப்போது நினைத்தாள்; காரணம் இப்போதுதான் புரிந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றும் விளக்கித்தான் எழுதியிருக்கிறான் போலும். வகுப்பில் நாலு பேர் மூக்கைப் பொத்திக் காட்டியிருப்பார்கள்.

சொல்லை மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பழைய பட்டியலின் கடைசியில் அதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினால் தீர்ந்தது. ஏற்கெனவே உள்ள சொல் என்று நிரலே அதைக் கழித்துவிடும். சேர்க்கவும் செய்தாள். பிறகு அதுகூட வேண்டாம் என்று தோன்றி அந்த வரியை அழித்தாள். மனசாட்சி எழுந்து நின்றதால் அல்ல. அதற்குத் தேவையே இல்லை என்பதால்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சொற்கள் வந்ததும் எல்லாரும் கூடி உட்காருவார்கள். ஒருவர் ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசிப்பார். பொருள் தெரிந்தவர் சொல்ல வேண்டும். எங்கே கேட்டது என்றும் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பொருள் எழுதிய சொல்லுக்கு மட்டும்தான், அது எந்தப் பிள்ளையின் கணக்கிலிருந்து வந்தது என்று திறந்து பார்க்க அனுமதி. யாருக்குமே தெரியாத சொல் என்றால் ஏதோ தட்டுப்பிழை என்று குப்பையில் போட்டுவிடுவார்கள், கணக்கைத் தொட மாட்டார்கள். ஆக, அவள் பொய் சொல்ல வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மகன் பரீட்சை எழுதுவான். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு என்ன புதுசா?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடினார்கள். மேனேஜர் விசிட்டிங் கார்டின் முனையால் பல் குத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பல்லில் கிடைத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே அனுப்பினார். இந்தக் கூட்டம் என்றால் அவருக்குக் குஷி. மற்ற நாளில் வாயைத் திறந்து சொல்ல முடியாததையெல்லாம் அன்றைக்கு அலுவல் என்ற பெயரில் சப்புக்கொட்டிக்கொண்டு சொல்லலாம் அல்லவா? பையன்கள் இரண்டு பேர் அவர் சிரிக்கிறபோது சிரிப்பதற்காக அவர் பக்கத்தில் இருந்தார்கள்.

வாசிக்கிறவருக்கு அகராதி என்று பட்டப்பெயர். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்து, அது மூடியதும் இங்கே வந்தவர். அவரைப் போல அகராதித்தனமே இல்லாத மனிதரைப் பார்க்க முடியாது, இருந்தாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எவ்வளவு கேடுகெட்ட சொல்லாக இருந்தாலும் ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர் அறிவிப்பது போல ஒரே குரலில் வாசிப்பார். கூட்டம் முடிந்ததும் நேராகப் போய் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார்.

ஒவ்வொன்றாகப் போயிற்று. பிழை, பிழை, விளையாட்டுக்காரன். புது அசிங்கம் வந்ததும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து, கை ஜாடையோடு விளக்கம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். எங்கே கேட்டது என்ற இடத்தில் 'நண்பர்கள்' என்று எழுதச் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள்.

அகராதி அடுத்ததை வாசித்தார்.

நாலு சுவருக்குள்ளேயே கேட்டுப் பழகிய சொல்லை இன்னொரு மனிதர், அதுவும் ஒரு நல்ல மனிதர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொல்லக் கேட்டாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுமா யாருக்காவது?" என்றார் அகராதி.

பையன்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"தட்டுப்பிழையா இருக்கும். குப்பையில போடுங்க" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், கேக்க நல்லா இருக்கு" என்றான் ஒரு பையன். "பொண்டாட்டிக்குச் செல்லப்பேர் வெச்சாப்ல இல்ல?"

"உனக்குக் கல்யாணம் ஆனா வெச்சுக்கோ" என்றார் மேனேஜர். பையன்கள் இருவரும் சிரித்தார்கள். அந்தப் பையன் அந்தச் சொல்லைக் கொஞ்சலாக ஒருமுறை சொல்லியும் பார்த்தான். அச்சு அசல் அதே இழுப்பு, அதே மெதுவான குரல். இன்னும் கொஞ்ச நாளில் யாரோ ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து அவள் காதோரம் இதைச் சொல்வான், அவளும் வாயை இழுத்துச் சிரித்து வைப்பாள். அகராதியின் பேனா குப்பை என்று குறிக்கத் தாளில் இறங்கியது.

"அது செல்லப்பேர் இல்ல" என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினார்கள். கோடிங் அக்கா இந்தக் கூட்டத்தில் இதுவரை வாய் திறந்ததே கிடையாது.

"எழுதுங்கய்யா. நான் சொல்றேன்." சொல்லை இரண்டாகப் பிரித்தாள். முன்பாதி எதிலிருந்து நறுக்கியது, பின்பாதி எதிலிருந்து நறுக்கியது, ஒட்டினால் என்ன அர்த்தம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கார்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அகராதி எழுதிக்கொண்டார். "எங்கம்மா கேட்டீங்க?"

"எங்க வீட்ல."

பேனா நின்றது. அவளே சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் என்னைச் சொல்றது. வேற எங்கயும் கெடையாது, வேற யாருக்கும் அர்த்தம் தெரியாது. அதனால கணக்கைத் திறந்து பாக்கவும் வேண்டியதில்ல. அது எம்பையன்."

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரலில் தேன் ஒழுகியது. "இருங்கம்மா, அவசரப்படாதீங்க. நாம எல்லாரும் குடும்பம் மாதிரி. பையன் பரீட்சை எழுதப் போறான் இல்ல? நீங்க சொன்னது இந்த ரூமைத் தாண்டாது. தட்டுப்பிழைன்னு போட்டுக் குப்பையில தள்ளிடுவோம். உங்களுக்கும் மானம் போகாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாந்தியும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷமா குப்பையிலதான் சார் போட்டு வெச்சிருந்தேன். அதுலருந்துதான் எம்பையன் எடுத்திருக்கான்." அகராதியின் பக்கம் திரும்பினாள். "வீடுன்னு எழுதுங்கய்யா."

அவர் எழுதினார். தாளை அவள் பக்கம் திருப்பி, பேனாவின் பிடியை அவளை நோக்கி வைத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். மாடிப்படிக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டாள். கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லும்மா. ஆள் அகப்பட்டானா?"

"அகப்பட்டான்ண்ணே. பாப்பாகிட்ட குடு முதல்ல."

"யாருன்னு சொல்லேன்."

"குடுண்ணே."

ஃபோன் கை மாறியது.

"கண்ணு, அத்தைடா. அவன் உனக்கு எழுதுனானே, அது உன்னைப் பத்தின வார்த்தையே இல்ல. உங்க மாமா என்னைச் சொல்றதுக்குன்னே செஞ்சது. நான் சும்மா கேட்டுட்டு இருந்தேன், அவன் கத்துக்கிட்டான்."

அந்தப் பெண் கேட்டாள். "உங்களையா அத்தை?"

"என்னைத்தான்."

"நீங்க அப்படி இல்லையே."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.